பொருத்தம் பார்த்துச் செய்த பாட்டுப் பெட்டி

கல்யாணம் பேசும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "பொருத்தம் பார்த்தாயிற்றா?" என்பதுதான். பிள்ளை நல்லவன், பெண்ணும் நல்லவள். ஆனால் இருவரும் ஒத்து வாழ்வார்களா என்பது வேறு கேள்வி அல்லவா? சாதகத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆயினும், சென்ற பொங்கலுக்கு முன் பழைய உறுப்புகளைச் சேர்த்து ஒரு ஸ்டீரியோப் பெட்டி செய்ய முற்பட்டபோது, பொருத்தம் பார்க்காமல் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்பதை நன்றாகவே கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தை நம் சங்கத்து நண்பர்களுக்கும் சொல்லி வைக்கவே இக்கட்டுரை.

பெட்டி ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழாவுக்கு நம் கோலாட்டக் குழு மாலை வேளைகளில் பூங்காவில் பயிற்சி செய்தது. குழுவில் பன்னிருவர், கோல்கள் இருபத்துநான்கு. கைபேசியில் பாட்டைப் போட்டால், இருபத்துநான்கு கோல்களின் ஓசையில் அது அடங்கிப் போயிற்று. பூங்காவில் மின்சாரம் எடுக்க வழி இல்லை. ஆகவே, கையில் தூக்கிச் செல்லக்கூடிய, தானே மின்சாரம் வைத்துக்கொண்டிருக்கிற பெட்டி ஒன்று வேண்டியிருந்தது. "நான் செய்து தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆளுக்கு 100 ரூபாயாக 1,200 ரூபாய் சேர்த்து என் கையில் கொடுத்தார்கள். பிறர் பணம் கையில் வந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

நம்மூரில் காயலான் கடை என்பதை டில்லியில் கபாடி என்கிறார்கள். தெருத் தெருவாகக் கூவிக்கொண்டு வருகிற கபாடிக்காரர் முதல், பழைய மோட்டார் வண்டிகளைப் பிரித்து விற்கும் மாயாபுரி வரை, இந்நகரில் உறுப்புகளுக்குப் பஞ்சமில்லை. புதிய சில்லறைப் பொருள்கள் வேண்டுமானால் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜபத்ராய் மார்க்கெட் இருக்கிறது. பாட்டுப் பெட்டிக்கு வேண்டியவை முக்கியமாக நான்கே: மின்சாரம் தரும் பாட்டரி, கைபேசியிலிருந்து வரும் மெலிந்த மின்குறியை வலுப்படுத்தும் பெருக்கி, அதை ஒலியாக மாற்றும் ஸ்பீக்கர் இரண்டு, இவற்றைத் தாங்கும் மரப்பெட்டி. நான்கும் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணினேன். அங்கேதான் தவறினேன்.

முதற் பொருத்தம் வோல்ட்டுப் பொருத்தம். ஒரு கடையில் தீப்பெட்டியைவிடச் சிறியதான பெருக்கிப் பலகை ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதிலிருந்த சில்லின் பெயர் பி.ஏ.எம். 8403. பக்கத்துக்கு 3 வாட் வீதம் இரு பக்கங்களுக்கும் ஒலி தரும் கெட்டிக்காரச் சில்லு அது. ஆனால் அது கேட்பது 5 வோல்ட்டு மின்சாரம். என்னிடம் இருந்ததோ 12 வோல்ட்டுப் பாட்டரி. 'அதிக வோல்ட்டு, அதிக ஓசை' என்ற அரைகுறை ஞானத்தில் இரண்டையும் இணைத்தேன். ஓசை வரவில்லை, ஒரு நொடியில் புகை வந்தது. பலகை நன்றாகத்தான் இருந்தது. பாட்டரியும் நன்றாகத்தான் இருந்தது. சேர்த்து வைத்ததுதான் பிழை. அந்தப் பலகையின் விலையைச் சங்கக் கணக்கில் எழுதாமல் என் பையிலிருந்தே கட்டினேன்.

இரண்டாம் முறை விவரத் தாளைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனேன். டி.பி.ஏ. 3110 என்ற சில்லு உள்ள பலகை 8 முதல் 26 வோல்ட்டு வரை ஏற்கும். 12 வோல்ட்டு அந்த எல்லைக்குள் நிம்மதியாக அடங்குகிறது. இவ்விரு சில்லுகளும் 'டி' வகுப்பைச் சேர்ந்தவை. அதன் பொருளை மதகைக் கொண்டு விளக்கலாம். பழைய வகைப் பெருக்கி, மதகைப் பாதி திறந்து வைத்து நீரின் அளவைக் கட்டுப்படுத்துவது போன்றது. இடுக்கில் உராய்ந்தே நீரின் வேகம் பெரிதும் வீணாகும். மின்சாரத்தில் அந்த வீண், வெப்பமாக வெளிப்படும். 'டி' வகுப்போ மதகை முழுக்கத் திறக்கும், அல்லது முழுக்க மூடும். இதை ஒரு வினாடிக்குச் சில இலட்சம் முறை செய்யும். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைக் கொண்டே ஒலியின் ஏற்ற இறக்கம் அமைகிறது. வாங்கிய மின்சாரத்தில் 90 விழுக்காடு வரை ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்கிறது. பாட்டரியை நம்பி வாழும் பெட்டிக்கு இந்தச் சிக்கனம் பெரும் வரம்.

இரண்டாவது ஓம் பொருத்தம். ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடையை ஓம் என்ற அளவால் குறிக்கிறோம். பெரும்பாலான ஸ்பீக்கர்கள் 4 ஓம் அல்லது 8 ஓம். தடை குறையக் குறையப் பெருக்கி அதிக மின்சாரம் தரவேண்டி வரும். 12 வோல்ட்டை 8 ஓமால் வகுத்தால் ஒன்றரை ஆம்பியர். 4 ஓமால் வகுத்தால் 3 ஆம்பியர். இது பாட்டின் உச்சத்தில் நேரும் கணக்கு. "பக்கத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் வைத்தால் இரட்டிப்பு ஓசை வருமே!" என்றார் ஒரு நண்பர். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும். கணக்கு 6 ஆம்பியர் என்று சொல்லும். இந்தச் சிறு சில்லால் அதைத் தாங்க இயலாது. ஒற்றை மாட்டில் இரட்டைப் பாரம் ஏற்றுவது போன்ற செயல் அது.

பழைய ஸ்பீக்கரில் ஓம் எழுத்து அழிந்திருந்தால் மல்ட்டிமீட்டரால் அளந்து பார்க்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: மீட்டர் காட்டும் எண், பெயரளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். 4 ஓம் ஸ்பீக்கரில் ஏறத்தாழ மூன்றரை; 8 ஓம் ஸ்பீக்கரில் ஆறு முதல் ஏழு வரை. இதைக் கண்டு ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். முள் அசையவே இல்லையென்றால்தான் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. இந்த வகைப் பெருக்கியில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் இரு கம்பிகளும் உயிருள்ளவை. 'கறுப்புக் கம்பி என்றால் பூமிக் கம்பிதானே?' என்று இரு பக்கக் கறுப்புக் கம்பிகளையும் ஒன்றாக முடிந்துவிட்டால் பெருக்கிக்கு ஆபத்து. காதில் மாட்டும் கருவியில் மூன்றே கம்பிகளில் வேலை நடக்கும். இங்கே நான்கும் தனித்தனியாகவே போகவேண்டும்.

மூன்றாவது இணைப் பொருத்தம். ஸ்டீரியோவின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் பிளம்லைன், இரு பக்க ஒலிப்பதிவுக்கான தம் காப்புரிமை விண்ணப்பத்தை 1931ஆம் ஆண்டு டிசம்பரில் கொடுத்தார். பேசும் படம் பார்க்கச் சென்றபோது, திரையில் நடிகர் ஒரு பக்கம் நடக்க, குரல் வேறு பக்கத்திலிருந்து வருவது அவருக்கு உறுத்தியதாம். அதிலிருந்தே இந்த எண்ணம் பிறந்தது என்று சொல்வதுண்டு. ராடார் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அவர் 1942இல் விமான விபத்தில் இறந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்கு வந்தது 1958ஐ ஒட்டித்தான். தம் கண்டுபிடிப்பு வீடுதோறும் ஒலித்ததைக் கேட்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

வலப்பக்க மரத்தில் குயில் கூவினால், அவ்வொலி வலக்காதுக்கு முந்தியும் இடக்காதுக்குப் பிந்தியும் வருகிறது. அந்த இடைவெளி ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. போதாததற்கு, தலை மறைப்பதால் இடக்காதில் ஒலி சற்று மெலிந்தும் விழுகிறது. இந்த மிகச் சிறு வேறுபாடுகளைக் கொண்டே மூளை 'குயில் வலப்பக்கம்' என்று தீர்ப்புச் சொல்கிறது. ஸ்டீரியோ, இரு ஸ்பீக்கர்களால் அந்த வேறுபாட்டை மீண்டும் உண்டாக்கிக் காட்டும் வித்தை. ஆகவே இரு ஸ்பீக்கர்களும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கவேண்டும். நான் முதலில் இடப்பக்கத்துக்கு மோட்டார் வண்டி ஸ்பீக்கரும், வலப்பக்கத்துக்குப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் ஸ்பீக்கரும் வைத்தேன். பாடகர் நடுவில் நிற்காமல் இடப்பக்கமே சாய்ந்து நின்றார்! பிறகு மாயாபுரியில் ஒரே வண்டியின் இரு கதவுகளிலிருந்து கழற்றிய ஆறரை அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டை, 4 ஓம் அளவில், 400 ரூபாய்க்கு வாங்கினேன். பாடகர் நடுவுக்கு வந்தார்.

நான்காவது திசைப் பொருத்தம். இதனால்தான் எனக்கு மானம் போயிற்று. பெட்டியை முதன்முதலாகப் பூங்காவுக்குத் தூக்கிச் சென்ற மாலை, பனிமூட்டம். எல்லோரும் கம்பளிச் சட்டையோடு கோலைப் பிடித்து நின்றார்கள். பாட்டைப் போட்டேன். இரண்டு சுற்று ஆடினார்கள்; நின்றுவிட்டார்கள். குழுத் தலைவி என்னிடம் வந்து, "தம்பி, பாட்டுக் கேட்குது; தாளம் கேட்கலை. தாளம் இல்லாம கோலை எங்கே தட்டுறது?" என்றார். உண்மைதான். குரல் வந்தது; மத்தளத்தின் அடிநாதம் எங்கோ கரைந்து போயிருந்தது. பொங்கலுக்குப் பத்து நாள்களே இருந்தன.

அறைக்குத் திரும்பி இரவெல்லாம் யோசித்தேன். கடைசியில் குற்றம் ஒரு ஸ்பீக்கரின் இரு கம்பிகள் இடம் மாறியிருந்ததில் இருந்தது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளியும் இழுத்தும் ஒலி உண்டாக்குகிறது. ஒன்று தள்ளும் அதே நேரத்தில் மற்றொன்று இழுத்தால், ஒன்று செய்ததை மற்றொன்று அழித்துவிடும். மத்தளத்தின் அடிநாதம் போன்ற தாழ்ந்த ஒலிகளின் அலை மிக நீளமானது. வினாடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். அரை மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு ஸ்பீக்கர்கள் எதிரெதிராக அசைந்தால் இந்த நீண்ட அலைகள் ஒன்றையொன்று பெரிதும் விழுங்கிவிடும். குரலின் குறுகிய அலைகள் ஓரளவு தப்பிவிடும். அதனால்தான் பாட்டு இருந்தது, தாளம் இல்லை.

இதைச் சோதிக்க விலையில்லா வழி ஒன்று உண்டு. டார்ச்சு விளக்குக்குப் போடும் ஒன்றரை வோல்ட்டுக் கட்டை ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளையும் ஸ்பீக்கரின் இரு முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு முன்னால் வந்தால், கட்டையின் கூட்டல் முனை தொட்ட இடமே ஸ்பீக்கரின் கூட்டல் முனை. அங்கே சிவப்பு மையால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் இப்படிச் செய்துவிட்டால் பிறகு குழப்பமில்லை. நான் இரு கம்பிகளை மாற்றிப் பற்றவைத்தேன். ஐந்து நிமிட வேலை. மறுநாள் மத்தளம் திரும்பி வந்தது.

ஐந்தாவது பெட்டிப் பொருத்தம். பெட்டியில்லாத ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட்டுப் போட்டுப் பாருங்கள். தகரத்தைத் தட்டுவது போல இருக்கும். கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன் அலையும் பின் அலையும் ஓரத்தைச் சுற்றி வந்து கலந்து, தாழ்ந்த ஒலியைக் கெடுத்துக்கொள்கின்றன. பின் அலையைச் சிறையில் அடைப்பதே பெட்டியின் வேலை. விடுதி வாசலில் எறிந்து கிடந்த மேசையின் 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையை அறுத்து, உள்ளளவு 20 x 18 x 28 செ.மீ. உள்ள இரண்டு பெட்டிகள் செய்தேன். ஒவ்வொன்றும் சுமார் 10 லிட்டர். மூட்டுகளில் பசை தடவிக் காற்றுப் போகாமல் அடைத்தேன். கிழிந்த ரஜாய் ஒன்றின் பஞ்சை உள்ளே தளர்வாகத் திணித்தேன். பெட்டிக்குள் எதிரொலிக்கும் இரைச்சலை அது தணிக்கும். ஸ்பீக்கரை மட்டும் பசையால் ஒட்டாமல் திருகாணியால் முடுக்கினேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரே பெட்டியில் இரண்டையும் வைத்தால் தூக்குவது எளிது. ஆனால் மூன்று மீட்டர் தள்ளி நின்றால் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ஆகவே தூக்கும்போது கொக்கியால் இணைந்தும், ஆடும்போது கம்பி நீளத்துக்குப் பிரிந்தும் நிற்குமாறு அமைத்தேன். ஸ்டீரியோவின் முழுச் சுவை, இரு பெட்டிக்கும் நடுவே, அவற்றோடு முக்கோணமாக அமரும் ஒருவருக்கே கிட்டும். சுற்றிச் சுற்றி ஆடுபவர்களுக்கு அது கிட்டாது. ஆனால் ஆடுகளத்தின் இரு மூலையிலும் தாளம் ஒரே அளவாகக் கேட்டது; அவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

இனிச் சொல்லப் போவது எல்லாவற்றிலும் பெரிய பொருத்தம். திருமணப் பொருத்தம் பார்ப்போர், மற்றவை எல்லாம் இருந்தும் ரஜ்ஜு தட்டினால் கூடாது என்பார்கள். அது உயிரைப் பற்றியது என்பது அவர்கள் நம்பிக்கை. பாட்டுப் பெட்டியில் ரஜ்ஜு என்பது பாட்டரியே.

நான் முதலில் நாடியது பழைய மடிக்கணினியின் பாட்டரி. அதைப் பிரித்தால் 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள லித்தியம் கலங்கள் கிடைக்கும். எடை குறைவு, ஆற்றல் மிகுதி. ஆனால் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினாலோ, அடியோடு வற்றிப் போனதை மீண்டும் ஏற்றினாலோ, கலம் உள்ளுக்குள்ளேயே கெட்டுத் தீப்பிடிக்கக்கூடும். வற்றிப் போன ஒரு கலத்துக்கு நான் மின்னேற்றம் செய்துகொண்டிருந்தபோது அது தொட முடியாதபடி சுட்டது. உடனே மின்சாரத்தை நிறுத்தி, இடுக்கியால் எடுத்து, மாடியில் இருந்த பூந்தொட்டி மண்ணில் போட்டேன். நல்லவேளை, அதோடு முடிந்தது. நாற்பது பேர் உறங்கும் விடுதி அது. என் கெட்டிக்காரத்தனத்துக்கு அவர்கள் விலை கொடுத்திருப்பார்கள். வயது தெரியாத லித்தியம் கலத்தைப் பாதுகாப்புப் பலகையும் அனுபவமும் இல்லாமல் யாரும் தொடவேண்டாம் என்பதே என் வேண்டுகோள். மீதமிருந்த கலங்களை மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்தேன்.

பிறகு நான் வைத்தது, கணினிகளுக்கு மின்சாரம் காக்கும் யூ.பி.எஸ். பெட்டியில் இருக்கும் மூடிய ஈயப் பாட்டரி: 12 வோல்ட்டு, 7 ஆம்பியர்-மணி, எடை இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். பழையதை வாங்கும்போது, மின்னேற்றிச் சில மணி நேரம் ஓய்வில் வைத்து அளந்தால் ஏறத்தாழ 12.7 வோல்ட்டு காட்டவேண்டும். அது மட்டும் போதாது. 21 வாட் மோட்டார் வண்டி விளக்கு ஒன்றை அரை மணி நேரம் எரிய விடுங்கள். அதற்குள் 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பாட்டரி வேண்டாம். மூன்றைச் சோதித்து ஒன்றைத் தேர்ந்தேன். விலை 200 ரூபாய். மின்னேற்றும் கருவி 13.8 வோல்ட்டோடு நிற்பதாக இருக்கவேண்டும். ஈயப் பாட்டரி மின்னேற்றத்தின்போது சிறிது ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடலாம். ஆதலால் அதை மூடிய ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைக்காமல், பின்புறம் காற்றோட்டமுள்ள தனித் தட்டில் வார்கொண்டு கட்டினேன். அதன் கூட்டல் முனையை ஒட்டியே 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றையும் மாட்டினேன். கம்பிகள் எங்கேனும் ஒன்றோடொன்று உரசினால், தீப்பற்றுவது கம்பியாக இருக்கக்கூடாது. உருகுவது ஃபியூஸாக இருக்கவேண்டும்.

பயிற்சி ஓசையில் பெட்டி சராசரியாக அரை ஆம்பியர் எடுத்தது. புதிய பாட்டரியானால் ஏட்டுக்கணக்கில் 14 மணி நேரம் வரும். என்னுடையது கிழப் பாட்டரி. டில்லிக் குளிரில் ஈயப் பாட்டரியின் ஆற்றல் இன்னும் சுருங்கும். ஐந்து மணி நேரம் கொடுத்தது. நாளைக்கு ஒன்றரை மணி நேரப் பயிற்சிக்கு, மூன்று நாளுக்கு ஒரு முறை மின்னேற்றினால் போதுமாயிற்று.

கணக்கையும் ஒப்புவிக்கிறேன். ஸ்பீக்கர் 400, பாட்டரி 200, பெருக்கி 300, மின்னேற்றி 250, ஃபியூஸும் கொக்கியும் 50. ஆக 1,200 ரூபாய். 'இந்த விலைக்குக் கடையில் புதுப் பெட்டியே வாங்கலாமே?' என்று கேட்பீர்கள். வாங்கலாம், அது இதைவிட இலேசாகவும் அழகாகவும் இருக்கும். சிக்கனத்துக்காக இதைச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கடைப்பெட்டி நின்றுபோனால் பெரும்பாலும் காயலான் கடைக்குத்தான் போகும். ஒட்டி மூடிய அதனைத் திறக்க வழியிருக்காது. நம் பெட்டியில் பாட்டரி செத்தால் வேறு பாட்டரி; ஸ்பீக்கர் கிழிந்தால் வேறு ஸ்பீக்கர்; நான்கு திருகாணியைக் கழற்றினால் போதும். திருகாணி வைத்த காரணம் இதுதான்.

பொங்கலன்று மாலை கோலாட்டம் தாளம் தவறாமல் நடந்தேறியது. பெட்டி இப்போது சங்க அறையின் அலமாரியில் இருக்கிறது. அதன் பின்பலகையின் உட்புறம், கம்பிகள் போகும் வழியையும் ஒவ்வோர் உறுப்பின் வோல்ட்டையும் ஓமையும் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்த ஆண்டு நான் இங்கு இருக்கமாட்டேன். பெட்டி நின்றுபோனால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திறந்து, அந்தத் தாளைப் படித்து, பொருத்தம் பார்த்து மாற்றுங்கள். மாற்றியதை அந்தத் தாளிலேயே எழுதியும் வையுங்கள். உங்களுக்குப் பின் வருகிறவருக்கு உதவும்.